வெள்ளிக்கிழமைக் குவியல்

பால் செம்பை என் வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போன என் அண்ணி வீரம்மாவுக்கு,

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது வாயைத் திறந்தால் 'நீ' என்று வருகிறது. சாமியிடம் அப்படித்தானே பேசுகிறோம். கோபித்துக்கொள்ளாதே. நீ கோபித்துக்கொள்ள வேண்டிய காரியம் வேறே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுதுகிறவர் கோயில் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல அவர் கொஞ்சம் திருத்தி எழுதுகிறார். "ஒரு இடத்துல உட்காருங்க ஐயா, நீங்க இப்படி அங்கயும் இங்கயும் நடந்தா எனக்கு வரி கோணிப்போகுது" என்கிறார். என்னால் உட்கார முடியவில்லை அண்ணி. ஒரு மாதமாக இப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்கு வந்து மலையைப் பார்க்கிறேன். திரும்பி வந்தால் சோறு ஆறிப்போயிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் எல்லோர் முன்னாலும் இதை வாத்தியார் படிக்கப்போகிறார். தமிழில் படித்துவிட்டு, புரியாத பிள்ளைகளுக்குத் தீவுப் பாஷையான கிரியோலிலும் சொல்வார். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையே சில இடத்தில் விளக்கிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் சேதி. நம் தீவுக்குச் சுதந்திரம் வருகிறது. அடுத்த மாதம், மார்ச்சில். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டை போட்ட கொடி. சேன் பியேர் பட்டணத்துக் கடைகளில் அந்த நாலு நிறத் துணிக்கும் தட்டுப்பாடு. பாப்பம்மா தன் பழைய பச்சைப் புடவையைக் கொடுத்து, "கிழிச்சுக்கோங்க, ஆனா பார்டரை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடணும்" என்று சொல்லியிருக்கிறாள். உன்னோடு புல் அறுத்த அதே பாப்பம்மாதான். பல் எல்லாம் போய்விட்டது. வாய் போகவில்லை.

உன் மகன் சுப்பையாதான் வாலிபர் சங்கத் தலைவன். உச்சந்தலையில் மயிர் கொட்டிவிட்டது, அவனுக்கு இரண்டு பிள்ளைகள், இன்னும் வாலிபர் சங்கம்! கொடி ஏறுகிற அன்று காலையில் ஊரே திரண்டு மலைமேட்டுக்கு ஏறி, உச்சியில் நம் கொடி ஒன்றை நட்டுவிட்டு வருவது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. ஏறுகிற வழியை அப்படியே பாதையாக வைத்துக்கொண்டு, இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பம் குடும்பமாக மேலே போய்க் காற்று வாங்கலாம் என்கிறார்கள். பெண்கள் பந்தி போடுகிற இடம், பிள்ளைகள் ஓடுகிற இடம் எல்லாம் பேசியாகிவிட்டது. நல்ல காரியம்தானே? நானும் கை தூக்கினேன். எந்த வழி என்று பேச்சு வரும்வரை.

சுப்பையா சொன்னான்: "சித்தப்பா, கிழக்குக் கோடியில ஒரு கல்லுக் குவியல் கிடக்குல்ல, அங்கதான் சரி. பழைய பாதை பள்ளமாப் போச்சு. ஆனா பள்ளத்துக்குப் பக்கத்துல புல்லு நல்லா தழைச்சு நிக்குது, முள்ளுச்செடி இல்ல. அதுல நேரா ஏறிடலாம். நீங்கதான் முன்னால நடந்து வழி காட்டணும். வயசானவர், மலை தெரிஞ்சவர்."

கிரியோலில்தான் சொன்னான். நான் தமிழில் சொல்கிறேன். எந்தப் பாஷையில் சொன்னால் என்ன? அவன் கை நீட்டிக் காட்டியது உன் வெள்ளிக்கிழமைக் குவியல்.

இந்த இடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். கரும்பு நிலம் திருத்தியபோது நம் முன்னோர் பொறுக்கிய கருங்கற்களைக் கரும்பு முடிந்து புல் தொடங்குகிற எல்லையில் வரிசையாகக் குவித்துவைத்தார்கள். ஏழு குவியல். நீங்கள் உருளைக்கல் எறிந்து விளையாடுகிறீர்களே, அவைதான். மாடு வைத்திருந்த பெண்கள் மலைப்புல் அறுக்கத் திங்கட்கிழமை ஒரு குவியல் வழியாக ஏறுவார்கள், செவ்வாய்க்கிழமை அடுத்த குவியல் வழியாக. நேற்று மிதித்த இடத்தில் இன்று மிதிக்கமாட்டார்கள். ஏறிய தடத்தில் இறங்கமாட்டார்கள். தலையில் கட்டோடு ஆளுக்கொரு பக்கமாகத்தான் இறங்கி வருவார்கள். பத்துப் பெண்கள் தினம் ஏறி இறங்கிய மலையில் ஒரு ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது.

ஒருநாள் பாப்பம்மா சோம்பேறித்தனமாக உன் தடத்திலேயே வந்தாள். நீ திரும்பி நின்று, "என் பின்னாலயே ஏன்டி வர? நான் என்ன உனக்குத் தாலி கட்டினவனா?" என்றாய். எல்லாரும் சிரித்த சிரிப்பில் அவள் தலைக்கட்டு சரிந்துபோனது. நான் கீழே கரும்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் அரிவாள் எடுக்கமாட்டார்கள். அம்மனுக்கு உரிய நாள். அதற்காக வியாழக்கிழமையே இரட்டைக் கட்டு அறுத்துவைத்துக்கொள்வார்கள். அதனால் கிழக்குக் கோடியில் வெள்ளிக்கிழமைக்கென்று விட்ட குவியலுக்கு மேலே இருந்த புல்லை யாரும் தொட்டதே இல்லை. அது ஆள் இடுப்புக்கு நிற்கும். அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பூ பூக்கும். அதற்குப் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணன் காய்ச்சலில் போனபோது சுப்பையா தவழ்ந்துகொண்டிருந்தான். உனக்கு இருந்தது இரண்டு மாடும் அந்த மலையும்தான். சேன் பியேர் வரை பால் சுமந்து போய் விற்றுப் பிள்ளையை வளர்த்தாய். எனக்குக் காலையில் ஒரு செம்பு பால், கூலி எதுவும் கேட்காமல், கொழுந்தன் என்கிற உரிமைக்கு.

அப்புறம்தான் அந்த வேலை நிறுத்தம் வந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்கள் கரும்பு வெட்டமாட்டோம் என்று நின்ற வருஷம். அது அடங்கிய பிறகு தோட்டத்து வெள்ளைக்கார முதலாளி மிசே வீட்டுப் பெண்களுக்கு நம் அரிவாளைக் கண்டாலே பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலையில் உலாவவும் ஆசை. விருந்தாளிகள் வருவார்கள், மேலேயிருந்து கடலைக் காட்டவேண்டும். ஒருநாள் எங்கள் சிர்தார், மிசேக்கும் எங்களுக்கும் நடுவே நின்ற கங்காணி, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"முத்து, அம்மாமாருங்க மேல போய்க் காத்து வாங்கணுமாம். அரிவாளும் கையுமாப் பொம்பளைங்க நிக்கிற வழி வேணாமாம். எந்தக் குவியல் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது?"

"வெள்ளிக்கிழமைக் குவியல். அங்க யாரும் கால் வைக்கிறதில்ல" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை அண்ணி. யாருக்கும் சொந்தமில்லாத புல், யார் வயிற்றிலும் அடிக்காத வழி என்றுதான் நினைத்தேன். மற்ற ஆறில் எதைச் சொல்லியிருந்தாலும் உங்களில் ஒருத்திக்கு ஒருநாள் புல் போயிருக்கும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை, நான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

"பலே" என்றார் சிர்தார். "ரெண்டு பக்கமும் கல்லு வச்சு வெள்ளையடிச்சுடு. அடுத்த வாரத்துலேருந்து உனக்கு மிசே வீட்டுப் பூந்தோட்டத்துல வேலை. கரும்பு வெட்டி முதுகு ஒடிய வேணாம்."

ஆக, அந்தப் பாதையைக் காட்டியது சிர்தார் இல்லை. நான். முப்பது வருஷமாக ஊர் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறது. அவர் செத்தும் வெகுகாலம் ஆகிறது. பாப்பம்மா, இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாய். விளக்குமாறை எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தால் வாத்தியார் படித்து முடிக்கட்டும், அப்புறம் வா.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் கோயிலில் இருந்தபோது நான் மலையில் கல்லுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை நீ பால் கொண்டுவந்தாய். செம்பை வாங்கக் கை நீட்டினேன். என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாய்.

"கையில என்ன சுண்ணாம்பு?"

"கோயில் சுவருக்கு அண்ணி."

அந்த வருஷம் கோயில் சுவருக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. அது உனக்குத் தெரியாதா?

பூந்தோட்ட வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஏறுவதும் சேர்ந்தது. அதனால் நடந்தது எல்லாவற்றையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் வருஷம் ஒரு ஆள் போகிற அகலம். புல் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தது, அவ்வளவுதான். புதன்கிழமைக்குள் பாதி நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததை அடுத்த ஞாயிறு மறுபடி மிதிப்போம். மழைக்காலம் வந்ததும் நடுவில் சேறு. சேற்றில் பாவாடை படக்கூடாது என்று அம்மாமார் ஓரமாக நடந்தார்கள். அந்த ஓரம் சேறானதும் அதற்கும் ஓரமாக. ஒரு தடம் மூன்றானது. நான் வைத்த வெள்ளைக் கற்கள் நடுவிலே அனாதையாக நின்றன.

நடுவிலிருந்த மலைப்புல் வேரோடு செத்தது. அது தூர் கட்டி உயரமாக வளர்கிற சாதி. குருத்தை மிதித்தால் தாங்காது. அந்த இடத்தில் அருகம்புல் படர்ந்தது. அதை எவ்வளவு மிதித்தாலும் தரையோடு ஒட்டிக்கொண்டு பிழைக்கும். "பிள்ளையாருக்கு ஆச்சு, மாட்டுக்கு என்னாச்சு?" என்று நீ பெண்களிடம் சொன்னாயாம். அப்புறம் அருகும் போய் வெறும் மண். வெயிலில் செங்கல்போலக் காய்ந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் அதன்மேல் வாய்க்காலாக ஓடியது. வேர்கள் வெளியே தெரிந்தன. சிவப்புத் தண்ணீர் கீழே கரும்புக்குள் வந்து நின்றது.

ஓரங்களில் வந்தவை வேறு சாதி. விருந்தாளிகளின் காலுறையிலும் கால்சட்டை விளிம்பிலும் ஊசி ஊசியாக ஒட்டிக்கொள்ளும் விதைகள். மேலே உட்கார்ந்து அவற்றைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவார்கள். போட்ட இடத்தில் அடுத்த வருஷம் செடி. அப்புறம் உண்ணிச்செடி. குருவி அதன் பழத்தைத் தின்று எங்கும்தான் எச்சம் போடுகிறது. ஆனால் நெருங்கி நிற்கிற புல்லுக்குள் அதனால் முளைக்க முடியவில்லை. பாதையோரம் மண் திறந்து கிடந்ததும் குடிவந்துவிட்டது. அந்த வெள்ளைப் பூ எப்போது போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேடினேன். இல்லை.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு கூடை தூக்கினேனே, ஏன் வாயைத் திறக்கவில்லை? முதுகு ஒடியாத வேலைக்காகவா? திறந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய்.

வருஷங்கள் போகப் போக மற்ற ஆறு குவியல்களிலும் புல் மெலிந்தது. அப்போதுதான் உன் வாயிலிருந்து அந்த விஷயத்தைக் கேட்டேன். கிணற்றடியில் நீ பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் வருவதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"ஆறு குவியல் புல்லும் கதிர் விடறதுக்கு முன்னாடி அரிவாளுக்குப் போயிடுது. அது எங்க விதைக்கும்? வெள்ளிக்கிழமைப் புல்லுதான் நின்னு கதிர் விடும். கடல் காத்து அந்தக் கோடியிலேருந்துதான் உள்ள அடிக்குது. மலை முழுசுக்கும் விதை அங்கேருந்துதான். அம்மன் சும்மாவா ஒரு நாள் கேட்டா?"

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்காமலே திரும்பிவிட்டேன். யாருக்கும் சொந்தமில்லாத புல் என்று நினைத்தேனே. அதுதான் எல்லோருடையதும்.

மலை மெலிந்ததைத் தோட்டத்து மேற்பார்வைக்காரன் வந்து பார்த்தான். அவன் கண்ணுக்குப் பாதை தெரியவில்லை, அரிவாள்தான் தெரிந்தது. "பொம்பளைங்க ஒட்டச் சிரைச்சுட்டாங்க" என்று சொல்லிப் புல் அறுக்கவே தடை போட்டான். உலாவுகிறவர்களுக்குத் தடை இல்லை. பாப்பம்மா மாட்டை விற்றாள். இன்னும் சில வீடுகளில் தொழுவத்தைப் பிரித்து அடுப்பெரித்தார்கள். நீ மட்டும் ரோட்டோரப் பள்ளத்தில் புல் தேடி அலைந்தாய். கிடைத்ததை அறுத்தாய், அதில் மாட்டுக்கு நஞ்சான உண்ணித் தழையும் கலந்திருந்தது. சிவலைப் பசு கண் மஞ்சளாகி, மூக்குத் தோல் உரிந்து, நிழலைத் தேடிப் படுத்தது. பிறகு எழவில்லை. மற்றதும் அடுத்த மழைக்குள் பால் வற்றிப் போனது.

சிவலை செத்த அன்றைக்குத்தான் நீ என்னோடு பேச்சை நிறுத்தினாய். பால் இருந்தவரை செம்பு வந்தது. பால் நின்ற பிறகும் செம்பு வந்தது, பாலுக்குப் பதிலாக வெறும் தேயிலைத் தண்ணீர். வாசலில் வைப்பாய், திரும்புவாய். ஊரில் எல்லாரும் சிர்தாரைத் திட்டும்போது நீ மட்டும் திட்டியதில்லை. என் பேரையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்னை ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை? அண்ணன் முகத்துக்காகவா? தகப்பனில்லாத பிள்ளைக்கு ஒரு சித்தப்பா வேண்டும் என்றா? அந்தத் தேயிலைத் தண்ணீரை நான் ஒருநாளும் சூடாகக் குடித்ததில்லை. கையில் வைத்துக்கொண்டே இருப்பேன்.

ஏழு கரும்பு வெட்டு அப்படியே போனது. புதிதாக வந்த மிசேக்கு மலை பிடிக்கவில்லை, கடற்கரை பிடித்தது. பாதை சும்மா கிடந்தது. ஒருநாள் நீ செம்பை வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றாய்.

"வெள்ளிக்கிழமைப் புல்லு எட்டிப் பாக்குது" என்றாய். அவ்வளவுதான். நான் அன்றைக்கே ஓடிப்போய்ப் பார்த்தேன். பள்ளம் பள்ளமாகவே இருந்தது. அதன் கிழக்கு ஓரத்தில், ஒரு முறம் அளவுக்கு, மலைப்புல். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அது ஒரு முறம், இரண்டு முறம் என்று நகர்ந்தது. நடுப்பள்ளத்தில் மட்டும் இன்றுவரை ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக ஒரு காலும் படாத இடம் அது!

நீ படுக்கையில் கிடந்தபோது சொல்லிவிடவேண்டும் என்று வந்தேன். "அண்ணி, அந்தச் சுண்ணாம்பு..." என்று தொடங்கினேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "மழை வருது, போய் ஆட்டைப் பிடிச்சுக் கட்டு" என்றாய். நான் போய் ஆட்டைக் கட்டினேன். நீ எனக்குச் சொல்லவிடாமல் செய்தது மன்னிப்பா, தண்டனையா? வாத்தியாரைக் கேட்டால் தலையைச் சொறிகிறார்.

போன வாரம் சுப்பையாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அந்தப் புல் எப்படி நிற்கிறது தெரியுமா? நீ பார்த்ததைவிட நாலு பங்கு. நுனி சிவந்து கதிர் விடத் தொடங்கியிருக்கிறது. மார்ச்சில் சரியாக முற்றும். மண்ணும் அப்போதுதான் மழையில் ஊறிக் கிடக்கும். ஊர் முழுவதும் அதன்மேல் ஒரே தடத்தில் ஏறினால், பிறகு ஞாயிறு ஞாயிறாக ஏறினால், என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

"இதுல வேணாம்ப்பா" என்றேன்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் சித்தப்பா? அவங்க பூட்சு போட்டுக்கிட்டு நடந்தப்போ நீங்க பின்னால கூடை தூக்கினீங்க. நம்ம பிள்ளைங்க நடந்தா மட்டும் புல்லு செத்துடுமா? நமக்குன்னு ஒரு நாள் வருது, அன்னைக்கும் ஓரமாப் போகணுமா?"

அவன் கேட்டது நியாயம். புல்லுக்கு யார் கால் என்று தெரியாது, பூட்ஸா வெறுங்காலா என்றுகூட ரொம்பத் தெரியாது, மறுபடியும் மறுபடியும் அதே இடமா என்பதுதான் அதற்குத் தெரியும். இதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. நம்பவைக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. சுண்ணாம்பிலிருந்து தொடங்கி சிவலைப் பசு வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பள்ளத்துக்குள் இறங்கி அந்த வெறும் மண்ணைக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான். நான் வைத்த கல் ஒன்று கிடந்தது, ஒரு பக்கத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளை. அதைப் புரட்டிப் பார்த்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே" என்றான். முப்பது வயது தாண்டியவன் சின்னப் பிள்ளைபோல நின்றான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "இந்தப் பள்ளம் செத்ததுதானே. பாதை வேணும்னா இதுலயே கல்லுப் படி போட்டுக்கலாம். ஆனா மார்ச்சுக்குள்ள முடியாது. அன்னைக்கு ஏற வேற வழி?"

"உங்கம்மா ஏறின வழி" என்றேன். "ஆறு குவியல். தெருத் தெருவாப் பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கமா ஏறட்டும். வரிசை கட்ட வேணாம். இறங்கும்போது வேற குவியல். ஒருநாள் மிதிச்சா புல்லு நிமிர்ந்துக்கும்."

"ஊர்வலம்னா வரிசையாப் போனாத்தானே அழகு?"

"மேல போய் வரிசை கட்டிக்கோ."

அவன் சிரிக்கவில்லை. "நான் முடிவு பண்ண முடியாது" என்றான். "மாட்டை வித்தவங்க இன்னும் இருக்காங்க. நீங்க செஞ்சதை அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. வாத்தியார்கிட்ட சொல்லி எழுதுங்க, கோயில்ல படிக்கட்டும். அப்புறம் எந்த வழின்னு ஊர் சொல்லட்டும்." சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டான். கவனித்தேன், ஏறிய தடத்தில் இறங்கவில்லை. வேண்டுமென்று செய்தானா, கோபத்தில் கால் போன போக்கா, தெரியாது. ஒரு வாரமாக என் வாசலுக்கு வரவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம் அண்ணி. உன்னிடம் சொல்ல வந்ததை ஊர் கேட்கிறது. கேட்டுவிட்டு என்ன சொல்வார்களோ. 'நீ யாரப்பா எங்களுக்கு வழி சொல்ல' என்றும் கேட்கலாம். தப்பு வழி காட்டினவன்தான் இதைச் சொல்கிறேன். வேறு யாரும் சொல்ல மிச்சமில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஊர் என்ன முடிவு செய்தாலும் சரி, கொடி ஏறுகிற அன்று காலையில் முதல் ஆளாகப் போய் வெள்ளிக்கிழமைக் குவியல்மேல் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பக்கம் வருகிறவர்களை "அடுத்த குவியலுக்குப் போங்கப்பா" என்பேன். என்னைத் தாண்டித்தான் போவேன் என்பவன் என்னைத் தாண்டிப் போகட்டும். மறுநாளிலிருந்து அந்தப் பள்ளத்தில் கல்லுப் படி வைக்கத் தொடங்குவேன், முடிந்தால் ஒரு நாளைக்கு ஒன்று. இந்தத் தடவை வெள்ளையடிக்கமாட்டேன்.

உச்சியில் நின்று அந்தக் கொடியைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை இருந்தது. பாப்பம்மா புடவை எந்தப் பட்டையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றுகூட. அது நடக்காது. கீழே குவியலில் இருந்தால் கொடி படபடக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்காது. காற்று நான் இருக்கிற கோடியிலிருந்து மேலேதானே போகிறது. விதையும் அப்படியே போகும். கொடி நடுகிறவர்கள் தலையில் விழும். அவர்கள் தட்டிவிடுவார்கள், விழுந்த இடத்தில் கிடக்கட்டும்.

வாத்தியார் மையை நீட்டுகிறார். சுண்ணாம்பு ஒட்டியிருந்த அதே கட்டைவிரலை வைக்கிறேன்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் கைத் தேயிலைத் தண்ணீர் குடித்த,
உன் கொழுந்தன்
முத்துசாமி